சனிக்கிழமைக் கச்சேரிக்குப் போன மெக்கானிக்

1968-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி. சனிக்கிழமை காலை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் போல்சம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய சிறைச்சாலை. 1880-ல் திறந்தது. கருங்கல் சுவர். கொலை, கொள்ளை என்று கொடிய குற்றங்கள் செய்தவர்களை அடைத்து வைத்த இடம்.

அன்று காலை அந்தச் சிறையின் வாசலைத் தாண்டி ஒரு பாட்டுக் கோஷ்டி உள்ளே சென்றது. கைதிகளுக்குக் கச்சேரி! பாடப் போகிறவர் ஜானி கேஷ். எப்போதும் கறுப்பு உடை அணியும் நெட்டை மனிதர். அவருடன் பக்கவாத்தியக்காரர்கள். ஒலிப்பதிவு செய்கிறவர்கள். படம் பிடிக்கிறவர்.

பக்கவாத்தியக்காரர்களில் ஒருவர் பெயர் மார்ஷல் கிராண்ட். வயது 39. பாஸ் என்ற வாத்தியம் வாசிப்பவர். உள்ளே போன பிறகு அவர் தம் வாத்தியப் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் திடுக்கிட்டார்.

பெட்டிக்குள் துப்பாக்கி!

பயப்பட வேண்டாம். அது யாரையும் சுடக் கொண்டு வந்தது அல்ல. மேடையில் நடுநடுவே ஒரு வேடிக்கை காட்டுவார்கள். அதற்காக வைத்திருந்தது. முதல் நாள் இரவு எடுத்து வைக்க மறந்து போயிற்று. ஆனால் இது சிறைச்சாலை அல்லவா? ஆயிரம் கைதிகள் கூடப்போகும் இடத்தில், வெளி ஆள் ஒருவரின் பெட்டியில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும்?

கிராண்ட் மறைக்கவில்லை. ஒரு காவலரிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். காவலர் அதை வாங்கிக்கொண்டு போனார். பின்னாளில் இந்தக் கதையைக் கிராண்ட் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அன்று அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

அன்றைய கச்சேரி இசைத்தட்டாக வந்தது. உலகம் முழுவதும் விற்றது. ஜானி கேஷ் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் நின்று பாஸ் வாசித்தவர் பெயர் பலருக்குத் தெரியாது. இது அவருடைய கதை.

ஆள் உயர வாத்தியம்

பிடில் வாத்தியத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே உருவம், ஆனால் ஆள் உயரம். கையில் தூக்க முடியாது. தரையில் நிறுத்தி, பக்கத்தில் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். தடித்த தந்திகள் நான்கு. அதுதான் பழைய பாஸ். பிற்காலத்தில் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பாஸ் வந்தது. போல்சம் சிறைக்குக் கிராண்ட் எடுத்துச் சென்றது அந்த வகை.

பாட்டைக் கேட்கிறவர்கள் பாஸைத் தனியாகக் கவனிப்பதில்லை. அது நின்று விட்டால்தான், 'என்ன, ஏதோ குறைகிறதே!' என்று திரும்பிப் பார்ப்பார்கள். நம் ஊரில் நாதசுரத்துக்கு ஒத்து ஊதுகிறவரை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? ஆனால் ஒத்து ஒரே சுருதியில் நிற்கும். பாஸ் நிற்காது. பாட்டோடு சேர்ந்து அடி எடுத்து வைத்து நடக்கும். பாடுகிறவருக்குச் சுருதியும் அதுவே காட்ட வேண்டும். தாளமும் அதுவே காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட வாத்தியத்தைக் கிராண்ட் எந்தக் குருவிடம் கற்றார்? எத்தனை வருடம் பயிற்சி?

குருவும் இல்லை. பயிற்சியும் இல்லை. அவர் மோட்டார் மெக்கானிக்!

பட்டறையில் சேர்ந்த மூவர்

மார்ஷல் கிராண்ட் 1928-ல் வட கரோலினா மாநிலத்தில் மலைப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தவர். பிழைப்புக்காக மெம்பிஸ் நகருக்கு வந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. அங்கே மோட்டார் விற்கும் கம்பெனி ஒன்றின் பட்டறையில் வேலை. கையெல்லாம் எண்ணெய், கரி.

அதே பட்டறையில் லூதர் பெர்க்கின்ஸ் என்று இன்னொரு மெக்கானிக். அவருக்குக் கொஞ்சம் கிதார் தெரியும். கிராண்டுக்கும் கொஞ்சம் தெரியும். வேலை ஓய்ந்த நேரத்தில் இருவரும் கிதார் மீட்டுவார்கள். அங்கே ராய் கேஷ் என்பவரும் வேலை செய்தார். 'என் தம்பி விமானப்படையில் இருக்கிறான். அவனும் பாடுவான்' என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

1954-ல் அந்தத் தம்பி ஊர் திரும்பினார். அவர்தான் ஜானி கேஷ். பருத்திக் காட்டில் வளர்ந்தவர். படையை விட்டு வந்ததும் கல்யாணம். வயிற்றுப்பாட்டுக்கு வீடு வீடாகச் சென்று வீட்டுச் சாமான்கள் விற்கும் வேலை. விற்பனையில் அவர் புலி அல்ல. மனம் எல்லாம் பாட்டில்.

மூவரும் சேர்ந்தார்கள். மாலை வேளைகளில் வீட்டில் உட்கார்ந்து பாடினார்கள். மூவர் கையிலும் ஒரே மாதிரிக் கிதார்! மூன்று பேரும் ஒன்றையே வாசித்தால் எப்படிக் கோஷ்டி ஆகும்? லூதர் ஒரு மின்சாரக் கிதாரைத் தேடிப் பிடித்தார். கிராண்ட் 25 டாலருக்கு ஒரு பழைய பாஸ் வாங்கினார்.

வாங்கியாயிற்று. எந்தத் தந்தியை எந்தச் சுருதிக்குக் கூட்டுவது? தெரியாது. விவரம் தெரிந்தவரைக் கேட்டுத்தான் சுருதி கூட்டினார்கள். கிதாரின் கழுத்தில் விரல் வைக்கும் இடத்துக்குக் கம்பிக் கட்டுகள் இருக்கும். பாஸில் அதுவும் கிடையாது. மொட்டைக் கழுத்து. கிராண்ட் மெக்கானிக் அல்லவா? மெக்கானிக் மூளை வேலை செய்தது. சிறு சிறு ஒட்டுப் பட்டைகளை வெட்டி, எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று எழுதி, கழுத்தில் ஒட்டிக்கொண்டார். அந்த எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசிக்கக் கற்றார்.

எதிலும் வேகமாக ஓடத் தெரியாது. ஆகவே மெதுவாக, பிசகாமல், ஒரே சீராக வாசித்தார்கள். பாஸ் 'பூம்' என்று போடும். கிதார் 'சிக்' என்று பதில் சொல்லும். பூம் - சிக், பூம் - சிக். கூட்ஸ் வண்டி தண்டவாளத்தில் போவது போன்ற சத்தம். கோஷ்டியில் மத்தளம் அடிப்பவர் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கேஷ் தம் கிதார்த் தந்திகளுக்கு நடுவே ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு அடித்தார். கரகரவென்று மத்தளம் போலவே கேட்டது.

பெரிய வித்துவான்கள் நாலு வருஷம் உழைத்தாலும் கிடைக்காத ஒரு தனிச் சத்தம், ஒன்றும் தெரியாத மூன்று பேருக்குக் கிடைத்தது. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த நாலு சுரத்தைப் பிசகாமல் போடுவதும் ஒரு வித்தைதான்.

முதல் முறை ஒரு தேவாலயத்தில் பாட அழைப்பு வந்தது. மூவருக்கும் ஒரே மாதிரி உடுப்பு வேண்டும். கோட்டுத் தைக்கப் பணம் ஏது? வீட்டில் தேடிப் பார்த்தார்கள். மூவரிடமும் இருந்தது கறுப்புச் சட்டை ஒன்றுதான். அதையே போட்டுக்கொண்டு போனார்கள். உலகப் புகழ் பெற்ற கறுப்பு உடை பிறந்த கதை இதுதான்!

சனிக்கிழமை ராத்திரி

மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் என்பவர் 'சன்' என்ற சிறு இசைத்தட்டுக் கம்பெனி நடத்தி வந்தார். எல்விஸ் பிரெஸ்லியைக் கண்டுபிடித்தவர் அவரே. இவர்கள் அவரிடம் போய்ப் பாடிக் காட்டினார்கள். நான்காவதாக எஃகுக் கிதார் வாசிக்கும் நண்பர் ஒருவரையும் அழைத்துப் போயிருந்தார்கள். அவருக்கோ கை நடுக்கம்! இது நமக்குச் சரிப்படாது என்று அவர் விலகிக்கொண்டார். மிஞ்சியது பழைய மூவர்தான். 1955-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 'ஜானி கேஷ், டென்னசி இருவர்' என்று பெயர் போட்டார்கள். அந்த இருவர், இரண்டு மெக்கானிக்குகள்!

வருமானத்தை எப்படிப் பங்கு போடுவது? சமமாகப் போடலாம் என்றார் கேஷ். கிராண்டும் லூதரும் மறுத்தார்கள். பாடுகிறவருக்கு நூற்றுக்கு நாற்பது, மற்ற இருவருக்கும் ஆளுக்கு முப்பது என்று வைத்துக்கொண்டார்கள். எழுத்து இல்லை, வக்கீல் இல்லை. வாய்ப் பேச்சுதான். இந்த வாய்ப் பேச்சைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டு வந்துவிட்டால் வயிறு நிறைந்து விடுமா? வாரம் முழுவதும் வேலை. வார இறுதியில் கச்சேரி. வேலை முடிந்ததும் கேஷின் 1954-ம் வருடத்துப் பிளிமத் காரில் ஏறுவார்கள். ஆள் உயர பாஸ் காருக்குள் நுழையாது. காரின் கூரை மேல் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். மழை வந்தால் அதற்குத்தான் முதல் கவலை. அர்க்கன்சாஸ், மிசிசிப்பி என்று பக்கத்து மாநிலங்களின் சிறு ஊர்களுக்கெல்லாம் போவார்கள். பள்ளிக்கூடக் கூடம், சினிமாக் கொட்டகை, எங்கே இடம் கொடுத்தாலும் பாடுவார்கள். வழியில் கார் நின்று விட்டால்? கவலையே இல்லை. கோஷ்டியில் பாடகர் ஒருவர். மெக்கானிக்குகள் இரண்டு பேர்!

அந்த நாட்டில் இந்தப் பாட்டுக்குக் 'கன்ட்ரி' என்று பெயர். நாட்டுப்புறத்தார் பாட்டு. பருத்தி எடுப்பவர்கள், ஆலைத் தொழிலாளிகள், லாரி ஓட்டுகிறவர்கள் கேட்பது. பிழைப்பு, பிரிவு, குடி, கடவுள், ரயில் இவைதான் பாட்டுப் பொருள். இதற்குச் சனிக்கிழமை இரவுதான் நல்ல நேரம். வாரக் கூலி வாங்கிய ஜனங்கள் டவுனுக்கு வரும் நாள் அல்லவா? நாஷ்வில் நகரத்து வானொலி 1925 முதலே 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்தது. பிறகு 1948-ல் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் 'லூசியானா ஹேரைடு' என்று இன்னொன்று தோன்றியது. அதுவும் சனிக்கிழமை இரவுதான். 50 ஆயிரம் வாட் சக்தியுள்ள நிலையத்திலிருந்து வந்ததால் பல மாநிலங்களில் கேட்டது.

1955 டிசம்பரில் கேஷ் கோஷ்டி அந்த ஹேரைடில் பாடியது. அடுத்த மாதம் முதல் நிரந்தர இடம் கிடைத்தது. மெம்பிஸிலிருந்து ஷ்ரீவ்போர்ட்டுக்குச் சுமார் 350 மைல். போக 350, வர 350. இப்போதுள்ள அகலச் சாலைகள் அப்போது இல்லை. கூரை மேல் பாஸ். இரவெல்லாம் ஓட்ட வேண்டும். இவர் ஓட்ட அவர் தூங்க, அவர் ஓட்ட இவர் தூங்க, இப்படியே வீடு வந்து சேர வேண்டும். கிராண்டின் மனைவி எட்டாவும், லூதர் வீட்டுக்காரியும், கேஷின் மனைவி விவியனும் அந்த நாட்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்!

1956-ல் 'ஐ வாக் தி லைன்' என்ற பாட்டு வந்தது. கன்ட்ரிப் பாட்டுப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. அந்தப் பாட்டில் அடிக்கு அடி சுருதி மாறும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கேஷ் 'ம்ம்' என்று முனகுவார். அது அழகுக்காக அல்ல. அடுத்த சுருதியைப் பிடிக்க. பட்டை ஒட்டிக் கற்ற கிராண்டின் பாஸும் லூதரின் கிதாரும் அவரைக் கைப்பிடித்து ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அழைத்துப் போவது காதில் தெளிவாக விழும்.

மேடையில் லூதர் சிலை போல நிற்பார். முகத்தில் ஒரு அசைவும் இராது. கிராண்ட் நேர் எதிர். சூயிங்கம் மென்றுகொண்டே பாஸைத் தட்டித் தட்டி ஆடுவார். இந்த இரண்டையும் பார்ப்பதற்கென்றே சிலர் வந்தார்கள். 1960-ல் டபிள்யூ. எஸ். ஹாலண்ட் என்ற மத்தளக்காரர் சேர்ந்தார். 'டென்னசி இருவர்' மூவர் ஆனார்கள்.

மாத்திரை

புகழ் வந்தது. பணம் வந்தது. கூடவே ஒரு சனியனும் வந்தது.

இரவெல்லாம் கார் ஓட்ட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? தூக்கம் வராமல் இருக்க லாரி டிரைவர்கள் ஒரு மாத்திரை விழுங்குவார்கள். ஆம்பிடமின் என்று பெயர். 1957-ல் சுற்றுப்பயணத்தின் போது அதைக் கேஷ் முதல் முறை விழுங்கினார். களைப்பு பறந்தது. கூச்சம் பறந்தது. இன்னொன்று விழுங்கினார். தூக்கம் போக ஒரு மாத்திரை. பிறகு தூக்கம் வர வேறு மாத்திரை. மெலிந்தார். குரல் கட்டியது. சொன்ன ஊருக்குச் சொன்ன நாளில் வரமாட்டார்.

கிராண்ட் குடிக்காதவர். மாத்திரை தொடாதவர். ஆகவே எல்லாப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. கச்சேரிப் பணம் வாங்குவது அவர். ஹோட்டல் கணக்குத் தீர்ப்பது அவர். பாடகர் வரவில்லை என்று கச்சேரி நடத்துபவரிடம் போய்த் தலை குனிந்து நிற்பதும் அவர். காலையில் ஹோட்டல் அறைக்குள் போய், கேஷ் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதும் அவரே. கோஷ்டியில் பாட வந்த ஜூன் கார்ட்டரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் கேஷின் பெட்டி, சட்டைப் பை எல்லாம் துழாவி, கிடைத்த மாத்திரைகளை எடுத்துக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் கேஷ் வேறு வாங்கிவிடுவார். மறுபடி தேடுவார்கள். வருடக்கணக்கில் இப்படியே நடந்தது.

1965-ல் நாஷ்வில் ஆப்ரி மேடையில் கேஷ் ஒலிபெருக்கிக் கம்பியால் மேடை விளக்குகளை உடைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் எல் பாசோ நகரில் பிடிபட்டார். அவருடைய கிதார்ப் பெட்டிக்குள் ஆயிரத்துக்கு மேல் மாத்திரைகள் இருந்தன! படம் நாடெங்கும் பத்திரிகையில் வந்தது. கேஷ் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அப்போது கிராண்ட் ஏன் வேலையை விட்டு விலகவில்லை? அவருக்கு மெக்கானிக் வேலை தெரியும். எங்கே போனாலும் பிழைக்கலாம். ஆனால் கேஷ் அவருக்கு எஜமானர் மட்டும் அல்ல. ஒன்றாகக் கூடத்தில் உட்கார்ந்து பாடிய சிநேகிதர். கிராண்ட் போகவில்லை.

1967 கடைசியில் டாக்டர் ஒருவரின் உதவியாலும் ஜூன் கார்ட்டரின் காவலாலும் கேஷ் ஒருவாறு எழுந்து நின்றார். சில வாரங்களுக்குள் வந்ததுதான் போல்சம் சிறைக் கச்சேரி. இசைத்தட்டுக் கம்பெனி அந்தக் கச்சேரியை ஒலிப்பதிவு செய்ய ஒப்புக்கொண்டிருந்தது. தவறினால் மறுபடி கேட்க முடியாது.

ஓர் இரவில் ஒரு பாட்டு

முன்னதாக வெள்ளிக்கிழமை, ஜனவரி 12. சாக்ரமென்டோ நகருக்குப் பக்கத்தில் எல் ராஞ்சோ என்ற விடுதியில் எல்லோரும் தங்கினார்கள். ஒத்திகை நடந்தது. அப்போது கலிபோர்னியா கவர்னராக இருந்தவர் ரொனால்டு ரேகன், பின்னால் ஜனாதிபதியானவர். அவரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று கேஷுக்குத் தெரிந்த பாதிரியார் ஒருவர் ஒரு ஒலிநாடாவைக் கொண்டு வந்தார். அவர் போல்சம் சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு ஆறுதல் சொல்பவர். கொள்ளைக் குற்றத்துக்காக உள்ளே இருந்த கிளென் ஷெர்லி என்ற கைதி, சிறைக்குள் இருக்கும் சிறு கோவிலைப் பற்றி ஒரு பாட்டு இயற்றிப் பாடியிருந்தான். கேஷ் கேட்டார். 'இதை நாளைக்கே பாடப் போகிறேன்' என்று தீர்மானித்தார்.

நாளைக்கே! கிராண்டுக்கும் லூதருக்கும் சுரம் எழுதிய காகிதத்தைப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டு விரலால் பிடிக்க வேண்டும். ஒலிநாடாவைப் போட்டுப் போட்டுக் கேட்டு அந்த இரவிலேயே பாட்டைக் கற்றார்கள். துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்க மறந்ததில் வியப்பு என்ன?

சனிக்கிழமை காலை சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில் கைதிகள் வந்து உட்கார்ந்தார்கள். மேலே நடைமேடையில் காவலர்கள். விளக்குகளை அணைக்கவில்லை. கைதிகள் கூடிய இடத்தில் இருட்டு ஆகாது. கேஷ் வந்து தம் பெயரைச் சொல்லும் வரை கை தட்டக் கூடாது என்று அறிவிப்பாளர் சொல்லிவைத்தார். 9.40-க்குக் கேஷ் மேடையேறினார். ஒலிபெருக்கியில் தம் பெயரைச் சொன்னார். கூடம் அதிர்ந்தது.

முதல் பாட்டு இந்தப் போல்சம் சிறையைப் பற்றியதே. கேஷ் விமானப்படையில் ஜெர்மனியில் இருந்தபோது, இந்தச் சிறையைப் பற்றிய சினிமா ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதியது. லூதரின் கிதார் தொடங்கியது. அடியில் கிராண்டின் பாஸ். பூம் - சிக், பூம் - சிக். பதினான்கு வருடங்களுக்கு முன் வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே சத்தம்.

இசைத்தட்டில் அந்தப் பாட்டில் ஒரு கொலையைப் பற்றிய வரி வரும்போது கைதிகள் ஆரவாரம் செய்வது கேட்கும். அது பிறகு ஒட்டவைத்த சத்தம். காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் போது கொலை வரிக்குக் கைதட்ட எந்தக் கைதிக்குத் தைரியம் வரும்? மற்ற ஆரவாரம் எல்லாம் நிஜந்தான்.

கடைசியில் கேஷ் ஒரு விஷயம் அறிவித்தார். 'அடுத்த பாட்டு உங்களில் ஒருவர் எழுதியது' என்றார். கிளென் ஷெர்லி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தன் பாட்டைக் கேட்டு அவன் முகம் எப்படி மாறியிருக்கும்! கேஷ் குனிந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓர் இரவில் கற்ற பாட்டைக் கிராண்ட் பிசகின்றி வாசித்து முடித்தார்.

பகல் 12.40-க்கு இன்னொரு கச்சேரி. ஒரு முறை பதிவு சரியில்லாவிட்டால் மறுமுறை இருக்கட்டும் என்று இரண்டு வைத்திருந்தார்கள். இசைத்தட்டில் பெரும்பாலும் காலைக் கச்சேரிதான் இருக்கிறது. மே மாதம் தட்டு வெளிவந்தது. கன்ட்ரிப் பட்டியலில் முதல் இடம். முடிந்து போனவர் என்று சொன்னவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஷெர்லியின் கதை அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. 1971-ல் கேஷின் முயற்சியால் விடுதலையானான். கோஷ்டியில் சேர்ந்து பாடினான். ஆனால் வெளி உலகம் அவனுக்கு ஒட்டவில்லை. ஒருநாள் கிராண்டிடம், 'உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் உன்னைக் கத்தியால் குத்த வேண்டும் போல் இருக்கிறது' என்ற பொருளில் ஏதோ சொன்னானாம். கிராண்ட் நடுங்கிப் போனார். கேஷிடம் சொன்னார். ஷெர்லியை அனுப்பிவிட்டார்கள். 1978-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

லூதரும் நிலைக்கவில்லை. போல்சம் கச்சேரி முடிந்து ஏழு மாதம் ஆகவில்லை. 1968 ஆகஸ்டில் வீட்டில் தீப்பிடித்தது. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து 5-ந் தேதி இறந்தார். பட்டறையில் சேர்ந்து கிதார் மீட்டிய இருவரில் கிராண்ட் மட்டும் மிஞ்சினார்.

கடிதம்

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் கிராண்ட் கேஷின் பக்கத்தில் நின்றார். டெலிவிஷன், வெளிநாடுகள், பெரிய பெரிய அரங்குகள். காரின் கூரையில் பாஸ் கட்டிய காலம் பழைய கதையாகிவிட்டது.

1980-ல் கிராண்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கேஷ் எழுதியது. இனி உங்கள் சேவை வேண்டாம் என்று!

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கூட இருந்தவருக்குக் கடிதத்தில் பதில். கேஷுக்கு அப்போது மறுபடி மாத்திரைத் தொல்லை இருந்தது என்பார்கள். இருந்தாலும் நேரில் சொல்லியிருக்கலாம். வாய்ப் பேச்சாகப் போட்ட பங்கை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? விலக்கியது தவறு, எனக்குச் சேர வேண்டிய ஓய்வுப் பணம் வரவில்லை என்று கிராண்ட் வழக்குப் போட்டார். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியிலேயே சமாதானம் ஆயிற்று. பணம் தீர்ந்தது. பேச்சு நின்றுபோனது.

கிராண்ட் முடங்கிவிடவில்லை. கேஷ் கோஷ்டியில் முன்பு பாடிய 'ஸ்டாட்லர் பிரதர்ஸ்' என்ற நால்வருக்கு நிர்வாகி ஆனார். 2002-ல் அவர்கள் பாடுவதை நிறுத்தும் வரை அந்த வேலை பார்த்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் ஆறியது. 1999-ல் நியூயார்க்கில் கேஷைப் பாராட்டி ஒரு விழா. கேஷுக்கு உடம்பு தளர்ந்திருந்தது. அவர் மேடைக்கு வந்தபோது பக்கத்தில் பாஸோடு வந்து நின்றவர் யார்? மார்ஷல் கிராண்ட்! 2003 மே மாதம் ஜூன் இறந்தார். செப்டம்பர் 12-ந் தேதி கேஷ் இறந்தார். 2006-ல் கிராண்ட் தம் அனுபவங்களை ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

கேஷ் சிறுவனாக வளர்ந்த வீடு அர்க்கன்சாஸ் மாநிலத்தில் டையஸ் என்ற ஊரில் இருக்கிறது. பருத்திக் காட்டு நடுவே சிறு வீடு. அதைப் பழுது பார்க்கப் பணம் திரட்ட 2011 ஆகஸ்டில் ஜோன்ஸ்பரோ நகரில் ஒரு கச்சேரி ஏற்பாடு ஆயிற்று. 83 வயதுக் கிராண்டும் வந்தார். ஒத்திகையில் கலந்துகொண்டார். அந்த வார இறுதிக்குள் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, ஆகஸ்டு 7-ந் தேதி அங்கேயே காலமானார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அந்த வீடு 2014-ல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.